தனி வெக்டர் தரவுத்தளம் வேண்டுமா?

அக்கா, வணக்கம்.

வெள்ளவத்தையில் ஒரு சின்ன கொம்பனியில் வேலை செய்கிறேன். வீடு, காணி விளம்பரத் தளம் ஒன்று நடத்துகிறோம். பழையவையும் சேர்த்து இரண்டு இலட்சம் விளம்பரங்கள், எல்லாம் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில். "கடலுக்குக் கிட்ட, சத்தமில்லாத வீடு" என்று எழுதினால் பொருளைப் பிடித்துத் தேடித்தர வேண்டும் என்கிறார் முதலாளி. அதற்கு வெக்டர்களை, அதாவது எழுத்தின் பொருளைக் குறிக்கும் எண் வரிசைகளை, வைத்துத் தேடும் தனி வெக்டர் தரவுத்தளம் இல்லாமல் முடியாது என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். கட்டணம் டொலரில். போஸ்ட்கிரஸுக்குள்ளேயே வெக்டர் தேடலைத் தரும் பிஜிவெக்டர் நீட்சி போதாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போதும். 1536 எண்கள் கொண்ட வெக்டர் ஒன்றுக்கு 6 கிலோபைட் அளவு இடம் போகும். இரண்டு இலட்சத்துக்கும் சேர்த்து ஒன்றேகால் ஜிகாபைட்தான், சாதாரண சேர்வரின் மெமரியிலேயே அடங்கிவிடும். டொலர் கட்டணம் பற்றி, 2022ஐப் பார்த்த கொழும்புக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் காசைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வீடு வாடகைக்குப் போனதும் அது தேடலில் இருந்தும் மறைய வேண்டும். விளம்பரமும் வெக்டரும் ஒரே அட்டவணையில் இருந்தால் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் முடிகிற வேலை, இரண்டும் சேர்ந்தே மாறும். இரண்டு இடத்தில் வைத்தால், இரண்டையும் ஒத்துப்போக வைக்க ஒரு நிரல் எழுதி, அது எப்போது நிற்கும் என்று காவல் இருக்க வேண்டும். போன வீட்டுக்குக் கோல் எடுத்தவர் திட்டப்போவது உங்களைத்தான்.

நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று உண்டு. உங்கள் ஆட்கள் வெறுமனே "சத்தமில்லாத வீடு" என்று தேடமாட்டார்கள். வெள்ளவத்தை, மூன்று அறை, இவ்வளவு வாடகைக்குள் என்று வடிகட்டுவார்கள். பிஜிவெக்டரின் எச்என்எஸ்டபிள்யூ இன்டெக்ஸ் (நெருங்கிய வெக்டர்களை வேகமாக, தோராயமாகத் தேடித்தருவது), செட்டிங்கை மாற்றாவிட்டால், பொருளில் நெருங்கிய 40 விளம்பரங்களைத்தான் எடுக்கும். வடிகட்டல் அதற்குப் பிறகு. பத்தில் ஒன்றுதான் வெள்ளவத்தை என்றால் மிஞ்சுவது சுமார் நாலு. எரர் எதுவும் வராது, அதனால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். 2024இல் வந்த பிஜிவெக்டர் 0.8 பதிப்பில் ஐட்டரேட்டிவ் ஸ்கேன் இருக்கிறது. போதிய முடிவு கிடைக்கும்வரை மேலும் தேடிப்போகும், ஓர் எல்லைக்குள். அதைப் போட்டுவிடுங்கள்.

சரி, அதற்கும் முன்னால் வெக்டர் இன்டெக்ஸே இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஊருக்கும் வாடகைக்கும் வழக்கமான இன்டெக்ஸ் இருந்தால் மிஞ்சுவது சில ஆயிரம் வரிசைகளாகத்தான் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுவது பெரிய வேலை இல்லை, ஒன்றும் தவறிப்போகவும் போகாது.

கோடிக்கணக்கில் வெக்டர் சேர்ந்து, இன்டெக்ஸ் கட்டும்போது சேர்வர் திணறினால் தனியாகப் பிரிப்பதைப் பற்றிப் பேசலாம். எழுத்தை வெக்டராக்கும் மொடல்களில் 3072 எண்கள் தருவதை எடுத்தால் மட்டும் கவனம்: சாதாரண வெக்டர் வகைக்கு இன்டெக்ஸ் எல்லை 2000 எண்கள், ஒவ்வோர் எண்ணையும் பாதி இடத்தில் வைக்கும் ஹாஃப்வெக் வகைக்கு மாறவேண்டும்.

அப்புறம், விளம்பரம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வருமே (கொழும்பில் வராமலா?). தரவுத்தளச் சண்டையை விட்டு மொடலைச் சோதியுங்கள். தமிழில் கேட்டால் பொருத்தமான சிங்கள விளம்பரம் மேலே வருகிறதா? ஒழுங்கையின் பெயரையும் விளம்பர எண்ணையும் வெக்டரிடம் கேட்காதீர்கள், அதற்குப் பழைய சொல் தேடல்தான் சரி. போஸ்ட்கிரஸில் 12ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கும் ஸ்டெம்மர் (சொல்லின் விகுதிகளை வெட்டி அடிச்சொல்லை எடுப்பது) இருக்கிறது.