அறையும் சேர்ந்து வாசிக்கும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கச்சேரி, பேண்டு, ஜாஸ், ராக் எல்லாம் கேட்பவர் நீங்கள். நான் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போகும்போது ஹெட்போனில் கேட்கிறேன். எதை எடுத்தாலும் பத்து நிமிடத்தில் அடுத்ததற்குத் தாவிவிடுகிறேன். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒலிப்பதிவுகள் எவை?

தக்கலை வாசகர்

அன்புள்ள தம்பி,

என் காது கோட்டாறில் பழகியது. சவேரியார் கோயில் திருவிழாவில் பேண்டு செட் ரோட்டில் வரும்போது ஒரு மாதிரி கேட்கும். கோயிலை நெருங்கியதும் டிரம்பெட் சுவரில் பட்டுத் திரும்பி, அதே பாட்டுக்கு வேறு கனம் வந்துவிடும். அன்றிலிருந்து வாத்தியத்தோடு இடத்தையும் சேர்த்தே கேட்கிறேன்.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம் 1959-ல் இரண்டே நாளில் பதிவானது. நியூயார்க் 30-ஆம் தெருவில் இருந்த கொலம்பியா ஸ்டுடியோ அது. முன்பு சர்ச்சாக இருந்த கட்டடம். டிரம்பெட் நின்ற பிறகும் ஓசை அறுந்து போகாமல் மெல்லக் கரைவதைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது.

அதே கட்டடத்தில்தான் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ஸை இரண்டு முறை பதிவுசெய்தார். 1955-ல், 22 வயதில், 38 நிமிடம். 1981-ல் 51 நிமிடம். ஆரியா என்கிற தொடக்க மெட்டை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவது இரண்டு நிமிடம்கூட இல்லை, அடுத்தது மூன்றைத் தாண்டும். எனக்கு 1981தான். வாசித்துக்கொண்டே அவர் முனகுவது சிலருக்குத் தொந்தரவு. அது இல்லாமல் என்னால் அந்தப் பதிவை நினைக்கவே முடியாது.

ராக்கில், லெட் ஸெப்பலின் குழுவின் 1971 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’. இங்கிலாந்தில் ஒரு பழைய வீட்டில், மாடிப்படி ஏறும் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மைக்கை மேலே படியிலிருந்து தொங்கவிட்டு எடுத்தார்கள். அடிக்கு அடி வீடே முழங்குகிறது.

நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகப் பதிவு மட்டும் இந்த இட ஓசைக்கு விலக்கு. அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான் கொள்ளும். மணிக்கணக்கில் விரிகிற ராகத்தை அதற்குள் அடக்கியிருக்கிறார். சுசீந்திரம் கோயில் பிராகாரத்தை நானே மனசில் சேர்த்துக்கொண்டு கேட்பேன்.

நீங்கள் தாவுவதற்குக் காரணம் பஸ் என்று நினைக்கிறேன். அந்த இரைச்சல் முதலில் விழுங்குவது கரையும் ஓசையைத்தான். ராத்திரி வீடு அடங்கிய பிறகு 1981 ஆரியாவைப் போட்டுப் பாருங்கள்.

பேண்டு செட்டுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதிவு ஒன்றுகூட இல்லை. அந்த வருத்தம் எனக்கு நிறைய உண்டு. நவம்பர் கடைசியில் திருவிழாவுக்குக் கோட்டாறு வாருங்கள், கோயில் முன்னால் நின்று கேட்போம்.