சதுரத்தைத் திருப்பி வைத்தால் ‘டைமண்ட்’ என்கிறாள், எப்படிப் புரியவைப்பது?

பெங்களூரில் யுகேஜி படிக்கும் மகள், சதுர அட்டையைச் சற்றுத் திருப்பினாலே ‘டைமண்ட்’ என்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதுக்கு இது இயல்பு. நெதர்லாந்தின் கணித ஆசிரியர்களான வான் ஹீலே தம்பதி, வடிவங்களைப் புரிந்துகொள்வதில் 1957-இல் விளக்கிய முதல் படிநிலை இதுவே: குழந்தை முழுத் தோற்றத்தைப் பார்க்கிறது, பக்கத்தையும் மூலையையும் அல்ல.

அட்டையை ஒதுக்கி வையுங்கள், வடிவங்களை அவளே கட்டட்டும். தென்னந்துடைப்ப ஈர்க்குச்சியின் அடிப்பாதியை 10 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள் (நுனி வளைந்துவிடும்). இணைப்புக்கு, இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலை. வேகவைத்தது பிளந்துவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கடலைக்குப் பதில் களிமண்.

முக்கோணம், சதுரம் இரண்டையும் கட்டி, மூலையில் அழுத்தச் சொல்லுங்கள். முக்கோணம் அசையாது. சதுரமோ சாய்சதுரமாகச் சரியும்: குச்சிகள் அதேதான், மூலைகள்தான் மாறின! எதிர் மூலைகளை இணைத்துக் குறுக்கே ஏறத்தாழ 14 செ.மீ. குச்சி கொடுத்தால் நிமிர்ந்து நிற்கும். இப்போது அதைத் திருப்பி வைத்து, நோட்டுப் புத்தக மூலையை உள்ளே பொருத்திப் பார்க்கட்டும். எப்படித் திருப்பினாலும் பொருந்தும், சரிந்ததில் பொருந்தாது.

எல்லாக் குச்சியும் ஒரே நீளமாக இருந்தால், சமபக்க முக்கோணம் மட்டுமே முக்கோணம் என்று பதிந்துவிடும். அதனால் 10, 10, 4 செ.மீ. குச்சிகளும் கொடுங்கள். 10, 5, 4 கொடுத்தால் முக்கோணம் மூடாது (5-உம் 4-உம் சேர்ந்தாலும் 10-ஐ எட்டாது). காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள்.