பெட்டியை விடுங்கள், போன் நம்பரைப் பாருங்கள்

தம்பி, எட்டு மாத வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி எத்தனை, ஸ்வெட்டர் எத்தனை, சார்ஜர் பின் பொருந்துமா என்று நீளப் பட்டியல் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், "பேங்க் விஷயத்தில் பிரச்சினை இருக்காதுதானே?" என்று ஒரு வரி. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியது அதற்குத்தான்.

பழைய சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது நாட்டு சிம்முக்கு மாறியதும் சிக்கல் தொடங்கும். கார்டுக்கான ஓடிபி பழைய நம்பருக்குப் போகும். பேங்க் பாஸ்வேர்டை மாற்றவும் அதே நம்பர், பூட்டிக்கொண்ட மெயிலைத் திறக்கவும் அதே நம்பர். ப்ரீபெய்ட் சிம் ரீசார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால், கம்பெனி அந்த நம்பரையே இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் உங்கள் ஓடிபி யாரோ ஒருவருடைய சட்டைப் பையில் ஒலிக்கும்.

அதனால் கிளம்பும் முன்பே, பழைய நம்பர் வெளிநாட்டிலும் வேலை செய்ய வைக்கும் ரோமிங்கை ஆன் செய்யுங்கள்; அங்கே போய்ச் செய்வதற்கும் ஓடிபி கேட்பார்கள். இரண்டு சிம் போடும் போனில் பழையதும் இருக்கட்டும், அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். மெயிலை, சிம் இல்லாமல் போனிலேயே கோடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றி, பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கார்டு இரண்டு, வெவ்வேறு பேங்க், வெவ்வேறு பையில். எட்டு மாதத்துக்குள் எதுவும் காலாவதி ஆகிறதா என்றும் பாருங்கள். கடை மெஷின் எந்த நாட்டுப் பணத்தில் கழிக்க என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள். நம் பணத்தைத் தொட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள்.

நடுவில் ஷெங்கன் நாடுகளை, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளை, சுற்றப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். நுழைந்த நாள், வெளியேறிய நாள் இரண்டும் கணக்கில் சேரும். "எல்லையைத் தாண்டி ஒரு நாள் போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும்" என்று சத்தியம் செய்யும் அண்ணன்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அபராதம் கட்டும்போது கூட வரமாட்டார்கள். பாஸ்போர்ட் வழங்கப்பட்டு 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், வெளியேறும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் அது செல்லுபடியாக வேண்டும். வேறு பல நாடுகள் 6 மாதம் கேட்பதால் அதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளை டப்பாவில் கொட்டாதீர்கள். அட்டையோடு, மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல) எழுதிய டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கோடீன் என்ற ஓபியம் வகைப் பொருள் கலந்த இருமல் மருந்து பல நாடுகளில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூக்கடைப்பை நீக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது.

பவர் பேங்க்கும் கைப்பையில்தான். அதன் மேல் எழுதியிருக்கும் எம்ஏஹெச் (mAh) எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள்: 20,000 என்றால் 74 வாட் அவர், தடை இல்லை. 30,000 என்றால் 111; நூறைத் தாண்டுவதால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

சார்ஜரில் 100-240 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்தால் பின் மாற்றி மட்டும் போதும். ஸ்வெட்டர், பெட்டியெல்லாம் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

விமான நிறுவனங்கள் காகித டிக்கெட்டைக் கைவிட்ட 2008 ஜூனுக்கு முன்னால் வெளிநாடு போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காகித டிக்கெட்டைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பணத்துக்குப் பதில் கொண்டுபோகும் டிராவலர்ஸ் செக்குகளின் நம்பர்களைத் தனித் தாளில் எழுதிக்கொண்டு போன தலைமுறை அது. இப்போது எல்லாம் போனுக்குள் என்று இந்தத் தலைமுறை ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்; நீங்கள் விசா, தங்கும் முகவரி, திரும்பும் டிக்கெட் மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். இமிக்ரேஷன் வரிசையில் போன் அணைந்தால் சார்ஜ் போட இடம் தேட முடியாது.