தம்பி என்னை ‘பெயர்க் கிறிஸ்தவள்’ என்கிறான்

கேள்வி: எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, ராத்திரி ஒரு சின்ன ஜெபம், அவ்வளவுதான் எங்கள் பக்தி. இரண்டு வருடத்துக்கு முன் தம்பி வேறொரு சபைக்குப் போக ஆரம்பித்தான். மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். இப்போது தினமும் காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வசனம்தான்: நீ குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாக இருப்பதால் உன்னை வாந்திபண்ணிப்போடுவேன். கிறிஸ்துமஸ் மரம் அஞ்ஞானிகளின் வழக்கம் என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு வர மறுத்துவிட்டான். “உங்கம்மா இன்னும் இரட்சிக்கப்படலை” என்று என் மகளிடம் சொல்லி, அவள் ராத்திரியெல்லாம் அழுதாள். விசுவாசம் இருந்தால் பிரஷர் மாத்திரை எதற்கு என்று அம்மாவிடம் கேட்கிறான். பரிசுத்த ஆவி தருவதாகச் சொல்லி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் அவன் ஜெபிப்பதை என் கணவர் நடித்துக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். எங்களுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். இவனை எப்படித் திருத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் கணவரின் அந்த நடிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். தம்பிக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள். நம்மை வைத்துச் சிரிக்கிற வீடு உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடும். பேச்சு சட்டென்று நிற்கும், யாராவது ஒருவர் உதட்டைக் கடித்துக்கொள்வார், குழந்தை மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும். அவனுக்கு உயிராக இருக்கிற ஒன்று உங்களுக்குப் பொழுதுபோக்கு. அவன் காலையில் அனுப்பும் வசனத்தில் கொஞ்சம் கோபம் தெரிகிறதென்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முதல் நூற்றாண்டில் ரோமாபுரிச் சபையிலும் கிட்டத்தட்ட இதே தகராறுதான். ஒரு சாரார் எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள், இன்னொரு சாரார் காய்கறி மட்டும். சிலருக்குக் குறிப்பிட்ட நாட்கள் விசேஷம், சிலருக்கு எல்லா நாளும் ஒன்று. அந்தச் சபைக்கு எழுதிய கடிதத்தில், ரோமர் 14-ஆம் அதிகாரத்தில், அப்போஸ்தலர் பவுல் இரண்டு பேருக்கும் ஒரே புத்தி சொல்லவில்லை, கவனித்தீர்களா? சாப்பிடுகிறவனிடம், சாப்பிடாதவனை அற்பமாக எண்ணாதே என்கிறார். சாப்பிடாதவனிடம், சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதே என்கிறார். தாராளமாக இருப்பவருக்கு இளக்காரம் வரும்; கண்டிப்பாக இருப்பவருக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆசை வரும். உங்கள் குடும்பத்தில் இரண்டும் நன்றாகவே முற்றியிருக்கின்றன.

தம்பி பங்குக்கு வருவோம். அவன் அனுப்புகிற வசனம் வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா என்ற ஊரின் சபைக்குச் சொல்லப்பட்டது. இன்றைய துருக்கியில் இருக்கும் இடம். பக்கத்து ஊரான எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. பாமுக்கலே என்ற பெயரில் இன்றும் கூட்டம் கூட்டமாகப் போய்க் குளிக்கிறார்கள். இன்னொரு பக்கம் கொலோசெ, அங்கே குளிர்ந்த நல்ல தண்ணீர். லவோதிக்கேயாவுக்குக் குழாயில் வந்த தண்ணீரிலோ சுண்ணாம்பு அதிகம். அது படிந்த குழாய்களை இன்றும் அங்கே பார்க்கலாம். அதனால் வேத அறிஞர்கள் பலர் அந்த வசனத்தை இப்படி வாசிக்கிறார்கள்: சூடும் நல்லது, குளிர்ச்சியும் நல்லது, எதற்கும் உதவாத தண்ணீர்தான் குமட்டுகிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் பக்தி எத்தனை டிகிரி என்று அளக்க அந்த வசனம் உதவாது. உடனே இதை டைப் செய்து தம்பிக்கு அனுப்பிவிடாதீர்கள்! நம் விசுவாசத்தால் யாருக்காவது உபயோகம் உண்டா என்று அதே வசனம் உங்களையும்தான் கேட்கிறது.

மரத்துக்காகச் சண்டை வேண்டாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள் 1659-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். 1681-ல் அதை எடுத்துவிட்டார்கள். தம்பியை ஜனவரியில் கூப்பிடுங்கள்.

அதே அமெரிக்காவில் 1740-ல் கில்பர்ட் டெனன்ட் என்ற போதகர், மனந்திரும்பாத போதகர்கள் ஆபத்தானவர்கள், அவர்களை விட்டு வேறு இடத்தில் போய்க் கேட்கலாம் என்று பிரசங்கம் செய்தார். அடுத்த வருடமே பிரஸ்பிட்டேரியன் சபை இரண்டாக உடைந்தது. அப்புறம் அதே டெனன்ட் சமாதானத்துக்காக எழுதினார், அலைந்தார். 1758-ல் இரண்டு பிரிவும் சேர்ந்தபோது அதற்கு முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். பதினேழு வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இத்தனைக்கும் அவருடைய வைராக்கியம் குறையவில்லை, மற்றவர்களுடைய இரட்சிப்புக்குத் தீர்ப்பு எழுதுகிற வேகம்தான் குறைந்தது. உங்கள் தம்பியிடமும் அதை மட்டும் எதிர்பாருங்கள். அவனைப் பழைய தம்பியாக்கப் பார்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கு என்ன நடந்தது? ஒருவன் சும்மா சபை மாறி, மறுபடி ஞானஸ்நானம் எடுத்து, ராத்திரி முழுக்க ஜெபத்தில் உட்கார மாட்டான். ஏதோ ஒரு கஷ்டத்தில் அங்கே யாரோ அவன் பெயரைச் சொல்லி ஜெபித்திருப்பார்கள். நம் பழைய சபைகளில் முப்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்கு நம் பெயர் தெரியாமல் போகிறது. இதைக் குறையாகத்தான் சொல்கிறேன். ஒரு நாள் தனியாக உட்கார்ந்து, “அங்கே உனக்கு என்னடா கிடைச்சுது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாதாடாமல் இருங்கள். அதுதான் கஷ்டம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நீங்கள் இறங்கி வரக் கூடாது. ஒன்று, அம்மாவின் மாத்திரை. பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பக்கவாதம் வரை போகலாம். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்து போலக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னவரும் பவுல்தான். “அம்மாவுக்காக ஜெபம் பண்ணு, நானும் கூட உட்கார்றேன். மாத்திரையை டாக்டர் சொன்னாத்தான் நிறுத்தணும்” என்று அவனிடமே நேராகச் சொல்லுங்கள். அம்மாவிடம் இன்றைக்கே விசாரியுங்கள். அவர்கள் ஏற்கெனவே ஒன்றிரண்டு வேளையை விட்டிருக்கக்கூடும்.

இன்னொன்று, மகள். பெரியவர்கள் சண்டையைப் பிள்ளை தலையில் போட அவனுக்கு அனுமதி இல்லை. இதைக் கோபமில்லாமல், ஆனால் ஒரே தடவையில் புரிகிற மாதிரிச் சொல்லிவிடுங்கள். மகளிடம் மாமாவைக் குறை சொல்ல வேண்டாம். “அம்மா பரலோகத்துக்குப் போவியா?” என்று அவள் கேட்டால், நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், அந்த ராத்திரி ஜெபத்தில் அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து அங்கிருந்து ஆரம்பியுங்கள்.