யூகேட் மார்க் நன்றாக வந்துவிட்டது, இனி நேர்காணல் அவ்வளவு முக்கியமா?

பிரிட்டனில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மருத்துவச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான யூகேட்டில் 2,100-க்கு மேல் இருக்கிறது, பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் எல்லாம் ஏ ஸ்டார் வரும் என்று பள்ளியும் கணித்துவிட்டது, பிறகென்ன என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் நீட் ரேங்க்கையும் இலங்கையில் இசட் ஸ்கோரையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பெரும்பாலான பிரிட்டிஷ் மருத்துவக் கல்லூரிகளில் மார்க் பிள்ளையை நேர்காணல் வரைதான் கொண்டுபோகும். இடம் தருவதாகக் கல்லூரி சொல்லும் ஆஃபர் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

எவ்வளவு தூரம் முடிவாகிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் அழைப்பு அனுப்பியதோடு யூகேட்டின் வேலை முடிந்தது. கட்-ஆஃபை ஒட்டி வந்த பிள்ளையும் மிக உயர்ந்த மார்க் எடுத்த பிள்ளையும் சமமாகத்தான் உள்ளே போகிறார்கள். வேறு சில இடங்களில் நேர்காணல் மார்க்கோடு யூகேட்டுக்கும் ஒரு பங்கு சேரும். ஒரு சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வார் என்று பார்க்கும் யூகேட்டின் எஸ்.ஜே.டி. பிரிவை மட்டும் எடுத்து நேர்காணல் கணக்கில் சேர்க்கும் கல்லூரிகளும் உண்டு. யூகேட் உயர்ந்திருந்தும் பேசத் தயங்கும் பிள்ளைக்கு இரண்டாவது வகை பொருந்தும். மார்க் சுமாராக இருந்தாலும் மனிதர்களோடு நன்றாகப் பேசிப் பழகும் பிள்ளைக்கு முதல் வகைதான் நல்லது, அதன் கட்-ஆஃபைத் தாண்ட முடிந்தால். பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸில் மருத்துவத்துக்கு நான்கு கல்லூரிகளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், கடைசி நாள் அக்டோபர் 15. அதற்கு முன்பே ஒவ்வொரு கல்லூரியின் அந்த ஆண்டுக்கான சேர்க்கை விதியைப் படித்துவிடுங்கள். எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைத்தார்கள், எத்தனை ஆஃபர் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். இணையதளத்தில் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம்.

பெரும்பாலான கல்லூரிகள் நடத்துவது, பல குறு நேர்காணல்களை அடுத்தடுத்து வைக்கும் எம்.எம்.ஐ. என்ற முறை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஸ்டேஷன் என்று சொல்லும் குறு நேர்காணல்கள் ஆறு முதல் பத்து, ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு நிமிடம், ஒவ்வொன்றிலும் வேறொருவர் மார்க் போடுவார். ஒரு ஸ்டேஷன் சொதப்பினால் அடுத்தவருக்கு அது தெரியாது. இதைப் பிள்ளையிடம் அழுத்திச் சொல்லுங்கள். மூன்றாவது ஸ்டேஷனில் தடுமாறியதையே நினைத்துக்கொண்டு நான்காவதையும் ஐந்தாவதையும் கோட்டை விடுவதுதான் அதிகம் நடக்கிறது.

நடிப்பு ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரரின் பூனையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டீர்கள், அது தொலைந்துபோனது, அவரிடம் சொல்லுங்கள் என்று ஒரு தாளில் இருக்கும். உள்ளே பக்கத்து வீட்டுக்காரராக ஒரு நடிகர் உட்கார்ந்திருப்பார். பல பிள்ளைகள் உட்கார்ந்ததுமே “கதவைச் சாத்திவிட்டுத்தான் போனேன்” என்று ஆரம்பிக்கிறார்கள். அரை நிமிடத்தில் வேறு பூனை வாங்கித் தருவதாகவும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே மார்க்கைக் குறைக்கும். கெட்ட செய்தி என்று முன்கூட்டி உணர்த்தி, விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி, பிறகு பேசாமல் இருக்க வேண்டும். அவர் அழட்டும், கோபப்படட்டும். அதைக் கேட்டபின் மன்னிப்பு. அதற்கும் பிறகுதான் தேடுவது பற்றிய பேச்சு. பூனை கிடைக்குமா என்பது அங்கே யாருக்கும் முக்கியமில்லை. நாளை ஒரு நோயாளியின் மகளிடம் இந்தப் பிள்ளை எப்படிப் பேசும் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்த பெரிய தவறு மனப்பாடம். டியூஷனில் எழுதிக் கொடுத்த “ஏன் மருத்துவம்?” பதிலை ஒரே நாளில் பல பிள்ளைகள் ஒப்பித்தால், கேட்பவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அம்மம்மாவைக் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் அழைத்துப்போய் மொழிபெயர்த்த பிள்ளைகள் நம் வீடுகளில் ஏராளம். மருத்துவர் சொன்னதில் எதை மொழிபெயர்க்க முடியாமல் திணறினோம், அம்மம்மா எதைச் சொல்லாமல் மறைத்தார் என்று யோசித்துப் பேசினால், பெரிய மருத்துவமனையில் ஒரு வாரம் சும்மா நின்றதைவிட அதற்கு மதிப்பு அதிகம். நம் பிள்ளைகள் பலர் இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள்.

பயிற்சியை அழைப்பு வந்தபின் தொடங்காதீர்கள். சில கல்லூரிகள் மிகக் குறுகிய அவகாசமே தரும். செப்டம்பரிலிருந்து வாரம் இரண்டு முறை, போனில் நேரம் வைத்து, பதிவு செய்து பழகட்டும். கேள்வி கேட்பவர் அப்பா அம்மாவாக இல்லாமல், அதிகம் பழக்கமில்லாத பெரியவராக இருப்பது நல்லது. பெரியவர்கள் முன் கண் தாழ்த்தி ஒற்றை வரியில் பதில் சொல்லும் பழக்கம் அங்கேதான் வெளிப்படும், அங்கேதான் திருத்தவும் முடியும். நோயாளியின் ரகசியம், சம்மதம், பதினாறு வயதுக்குக் குறைந்தவர் தனியாகச் சிகிச்சை கேட்பது போன்ற விஷயங்களில் இரு பக்கமும் பேசிவிட்டு, கடைசியில் தன் முடிவைச் சொல்லப் பழக வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தனி ரகம். அங்கே பேராசிரியர்களோடு அறிவியல் விவாதம். பார்த்திராத வரைபடத்தைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள்.

நேர்காணலுக்குப் பின் மறுத்துவிட்டால், மார்க் விவரம் தருவார்களா என்று கேட்டு எழுதுங்கள். எந்தப் பகுதியில் குறைந்தது என்று தெரிந்தால் அடுத்த ஆண்டுக்கு அதுவே வேலைப் பட்டியல். யூகேட் ஓராண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும் என்பதால் அதை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.