கட்டியை எடுத்தாச்சு, இன்னும் எதற்கு டெஸ்ட்?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 38. தோள்பட்டையில் நெல்லிக்காய் அளவில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘கதிர் வடிவச் செல் கட்டி. ஐ.ஹெச்.சி. தேவை: சி.டி.34, ஃபேக்டர் 13ஏ, எஸ்-100’ என்று இருக்கிறது. மறுபடி சதையை வெட்டுவார்களா? புற்றுநோயா?

பதில்: ஐ.ஹெச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) என்பது செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று சாயம் போட்டுப் பார்க்கும் டெஸ்ட். இதற்காக மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. எடுத்த கட்டியை லேபில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்று கேட்டால் தருவார்கள். அதையே 3, 4 மைக்ரான் தடிமனில் சீவி, சீவலுக்கு ஒரு சாயம் போடுவோம். வேறு லேபுக்குப் போவதானால் பிளாக்கையும் ஸ்லைடையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் ரிப்போர்ட்டோடு வந்து திரும்பிப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சாயம் என்றாலும் வேலை செய்வது ஆன்டிபாடிதான். தனக்குரிய புரதம் செல்லில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் பழுப்பாகும்.

சி.டி.34, ஃபேக்டர் 13ஏ, எஸ்-100 எல்லாம் அப்படிப்பட்ட புரதங்களின் பெயர்கள். கதிர் வடிவச் செல் என்றால் நீளமாக, இரு முனையும் கூராக இருக்கும் செல். அதில் இந்த மூன்றையும் கேட்டிருப்பதைப் பார்த்தால் சந்தேகம் முக்கியமாக இரண்டு தோல் கட்டிகளின் மேல். டெர்மட்டோஃபைப்ரோமா சாது, பெரும்பாலும் எடுத்ததோடு கதை முடிந்தது. மற்றது டி.எஃப்.எஸ்.பி. (டெர்மட்டோஃபைப்ரோசர்கோமா புரோட்டுபரன்ஸ்). அது புற்று வகைதான். உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது அரிது. ஆனால் கொழுப்புக்குள் வேர்விடும். அரைகுறையாக எடுத்தால் அதே இடத்தில் திரும்ப முளைக்கும். வழக்கமான சாயத்தில் சில சமயம் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஃபேக்டர் 13ஏ பொதுவாக முதலாவதில் பிடிக்கும், சி.டி.34 இரண்டாவதில். நரம்பு உறைக் கட்டி, மெலனோமா (நிறமிச் செல்லில் வரும் புற்று) இவற்றை விலக்கத்தான் எஸ்-100.

ரிப்போர்ட்டில் ‘சி.டி.34 பாசிட்டிவ்’ என்ற ஒரு வரியைப் பார்த்துக் கூகுளில் தேடி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தக்குழாயின் உட்சுவர் எல்லோருக்குமே இதில் பழுப்பாகும். சாயம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதே அதை வைத்துத்தான். சாதுக் கட்டியின் ஓரத்திலும் கொஞ்சம் பிடிக்கும். கட்டி முழுக்கப் பிடித்து, கொழுப்புச் செல்களைச் சுற்றித் தேன்கூடு மாதிரி வளைத்திருந்தால்தான் டி.எஃப்.எஸ்.பி. என்போம். அப்போதும் இழுபறி என்றால் 17, 22-ஆம் குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டியிருக்கின்றனவா என்று ஃபிஷ் (FISH) என்ற மரபணு டெஸ்ட்டில் பார்க்கலாம்.

டி.எஃப்.எஸ்.பி. என்று உறுதியானால், சுற்றிலும் பொதுவாக 2-3 செ.மீ. நல்ல சதையோடு அகலமாக எடுப்பார்கள். அல்லது ஓரங்களை உடனுக்குடன் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே எடுக்கும் மோஸ் முறை. அதனால் பழைய ரிப்போர்ட்டில் வெட்டிய ஓரங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பியதில் அந்த வரி இல்லை.