கால், கொம்பு, புள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒரு வீட்டின் முன்கூடத்தில் மாண்டிசோரி முறையில் (பிள்ளை பொருள்களைக் கையாண்டு தானே கற்கும் முறை) சிறிய பள்ளி ஒன்றை நடத்துகிறோம். மூன்று முதல் ஆறு வயது வரை 14 பிள்ளைகள். இளஞ்சிவப்புக் கட்டைகளைக் கோபுரமாக அடுக்குவது, உருளைக் கட்டைகளைக் குழிகளில் பொருத்துவது, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது எல்லாம் நன்றாகப் போகின்றன. தமிழ் எழுத்துக்கு வந்தால் திணறுகிறோம். ஆங்கிலத்துக்கு 26 உப்புத்தாள் அட்டை (விரலால் தடவிப் பழக, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து) போதும். தமிழுக்கு 247 செய்ய வேண்டுமா? ‘அ’ முதல் ‘ஔ’ வரை மளமளவென்று சொல்லும் குழந்தைக்குக்கூட, எழுத்துகளை அடுக்கி ‘கல்’ என்று ஒரு சொல்லை உண்டாக்க வரவில்லை. பெற்றோரோ “நோட்டில் என்ன எழுதினான்?” என்று கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகி, பொள்ளாச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

247 அட்டை செய்யாதீர்கள். உப்புத்தாள் அட்டை 34 போதும். சொல் அடுக்கும் பெட்டிக்கு, அதாவது பாயில் எடுத்து வைத்துச் சொல் சேர்க்கும் தனித்தனி எழுத்துகளுக்கு, 74 வடிவங்கள் போதும். கணக்கைப் பிறகு சொல்கிறேன். அட்டைக்கு முன்னால் காதைக் கவனிக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்குக் ‘கல்’ சேர்க்க வராததன் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

மாண்டிசோரி வகுப்பில் எழுத்தைக் காட்டுவதற்குச் சில மாதங்கள் முன்பே ஒலி விளையாட்டு தொடங்கிவிடும். ஒரு தட்டில் கரண்டி, சாவி, நூல், பாசிமணி, மஞ்சள், வளையல் என்று வைத்து, “க-வில் தொடங்கும் ஒன்று என் கண்ணில் படுகிறது” என்று கேட்பது. ஆங்கிலத்துக்கான கையேட்டை அப்படியே வைத்துக்கொண்டு முதல் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் தமிழில் பாதி வழியில் நின்றுவிடுவோம். ண, ழ, ள, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதே இல்லை. அவற்றைச் சொல்லின் முடிவில்தான் பிடிக்க வேண்டும்: மண், இதழ், முள், மீன். நூல், மோர், பழம், நெய் எல்லாம் இந்த ஆட்டத்துக்கு உதவும். ட், ற், ங் மூன்றும் முதலிலும் இல்லை, முடிவிலும் இல்லை. பட்டு, காற்று, சங்கு என்று நடுவில் கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே முதல் ஒலி, கடைசி ஒலி, நடு ஒலி என்று வரிசையாகப் போங்கள். ட, ர, ல சொல்லின் முதலில் வராது என்கிறது இலக்கணம். ஆனால் அந்தக் குழந்தையின் சமையலறையில் டம்ளரும் ரசமும் லட்டும் இருக்கின்றன. தயங்காமல் அவற்றையும் தட்டில் வையுங்கள்.

எழுத்தின் பெயரை வேறு, ஒலியை வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ‘ல்’ என்ற எழுத்தை ‘இல்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை, ‘கல்’ என்பதை ‘க, இல்’ என்று கேட்கிறது. பாயில் க-வுக்குப் பக்கத்தில் இ-யை எடுத்து வைத்துவிடுகிறது. அது கேட்டபடி சரியாகத்தான் செய்தது. நாம் தவறாகச் சொல்லிக்கொடுத்தோம். நாக்கை மேலே ஒட்டி ‘ல்’ என்று மட்டும் சொல்லுங்கள், முன்னால் இகரம் வேண்டாம். ‘கானா, லானா’வும் இப்போது வேண்டாம்.

இனி உப்புத்தாள் அட்டை. உயிர் 12, மெய்க்கு உரிய வடிவம் 18 (புள்ளி இல்லாமல்), ஆய்தம் 1, உகரத்துக்கு மாதிரியாகக் கு, து, பு 3. ஆக 34. உயிருக்கு நீலப் பலகை, மெய்க்கு இளஞ்சிவப்பு. பலகை வழவழப்பாக இருக்க வேண்டும். பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். விரல் எழுத்தை விட்டு விலகினால் உடனே வழுக்க வேண்டும்; பிள்ளைக்குத் தன் பிழையைச் சொல்வது அந்த வழுக்கல்தான், நீங்கள் இல்லை. உப்புத்தாள் 120 அல்லது 150 எண் வாங்குங்கள். அதைவிடக் கரடான தாள் விரல் நுனியை உரசி வலிக்கும், பிள்ளை மறுபடி தொட வராது. மிக மெல்லியதில் எதுவும் தெரியாது. தாளின் பின்பக்கத்தில் வரைந்து வெட்டும்போது எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வரைய வேண்டும். இதை மறந்து ஒரு தாள் முழுவதும் வீணாவது வழக்கம். கோட்டின் அகலம் ஆறேழு மில்லிமீட்டருக்கு மேல் போனால் ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எல்லா எழுத்துக்கும் உயரம் ஒன்றாக இருக்கட்டும், அகலம் மட்டும் எழுத்துக்கு ஏற்ப மாறட்டும். ட அட்டையும் ண அட்டையும் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்று ண-வை நெருக்காதீர்கள். அட்டையின் இடப்புறம் நான்கு விரல்கடை வெற்றிடம் விடுங்கள், பிள்ளையின் இடது கை அதைப் பிடித்துக்கொள்ளும்.

தொடுவதற்கு முன் பிள்ளை விரல்களை வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்ளட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து, எழுதும் திசையிலேயே, அழுத்தாமல் போக வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு அல்லது மூன்று எழுத்துதான், மூன்று படிகளில். “இது க” என்று சொல்லித் தடவிக் காட்டுவது முதல் படி. “க எங்கே? ம-வை என்னிடம் கொடு” என்பது இரண்டாவது, இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். “இது என்ன?” என்பது கடைசி. இரண்டாம் படியில் பிள்ளை தடுமாறினால் மூன்றாவதற்குப் போகாதீர்கள். திருத்தாமல் அட்டையை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு நாள் தொடருங்கள்.

ட, ப, ம, ய என்று வடிவ ஒற்றுமையைப் பார்த்துச் சேர்த்துக் கொடுப்பது நம் பள்ளிகளில் பழக்கம். எழுதும் கைக்கு அது எளிது, உண்மைதான். ஆனால் முதன்முதலாகக் காணும் கண்ணுக்கும் விரலுக்கும் அது குழப்பம். வடிவிலும் ஒலியிலும் நன்றாக வேறுபடுவதைச் சேர்த்துக் கொடுங்கள். ல-வையும் ள-வையும், ண-வையும் ன-வையும் ஒரே நாளில் மேசையில் வைக்கவே வைக்காதீர்கள். க, ப, ம, ல, ண என்ற ஐந்தோடு புள்ளியும் காலும் (ா) சேர்ந்தால் எத்தனை சொல் வருகிறது பாருங்கள்: கல், பல், கண், மண், கால், பால், பகல், பணம், பாலம், காகம், மாமா, பாப்பா. ஐந்து எழுத்தில் ஒரு பிள்ளையின் வீடே வந்துவிடுகிறது!

அடுத்தது சொல் அடுக்கும் பெட்டி. உயிர் 12, ஆய்தம் 1, மெய் வடிவம் 18, குறிகள் 7 (கால் ா, விசிறி ி, சுழித்த விசிறி ீ, ஒற்றைக் கொம்பு ெ, இரட்டைக் கொம்பு ே, சங்கிலிக் கொம்பு ை, புள்ளி). ‘கொ’வுக்குக் கொம்பும் காலும் போதும், ‘கௌ’வுக்குக் கொம்போடு ள-வை வைத்துக்கொள்ளலாம். உகர, ஊகார வரிசை மட்டும் கழற்ற முடியாதபடி மெய்யோடு ஒட்டியிருக்கிறது, ஆகவே அந்த 36-ஐத் தனியாக வெட்ட வேண்டும். மொத்தம் 74. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதால்தான் கணக்கு இதோடு நிற்கிறது. அதற்கு முன் ‘ணா, றா, னா’, ‘ணை, லை, ளை, னை’ முதலிய 13 எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது.

நிறம் இங்கே வேலை செய்யும். மெய் சிவப்பு, உயிர் நீலம். புள்ளி தவிர மற்றக் குறிகளும் உயிரின் பங்குதான், ஆகவே அவையும் நீலம். சிவப்புக் க-வின் பக்கத்தில் நீலக் காலை வைக்கும் பிள்ளைக்கு உயிர்மெய் என்றால் என்ன என்று நாம் விளக்கவே தேவையில்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 36-க்கும் இரண்டும் கலந்த ஊதா. உகரம் சேரும் விதம் மூன்று: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம், ஞு, ணு, து, நு, லு, று, னு இன்னொன்று, ஙு, சு, பு, யு, வு மூன்றாவது. இந்த மூன்றையும் பெட்டியின் மூன்று அறைகளில் தனித்தனியே போட்டால் பிள்ளை தானாகவே ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும்.

கொம்பைக் கடைசிக்கு வையுங்கள். ‘கெ’ என்னும்போது காதில் முதலில் விழுவது க், பிறகுதான் எ. ஆனால் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. காதை நம்பி அடுக்கும் பிள்ளை க-வை வைத்து அதன் பின்னால் கொம்பை வைக்கும். பாயில் இருப்பதைக் கலைத்துத் திருத்த வேண்டாம். மறுநாள் ‘கெ, மெ, பெ’ மூன்றை மட்டும் தனிப் பாடமாகக் காட்டுங்கள். ‘மீந்’ என்று அடுக்கினாலும் அப்படியே. தொடக்கத்தில் ந, முடிவில் ன என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ழகரம் மட்டும் உங்கள் வாயைப் பொறுத்தது. ஆசிரியர் ‘பளம்’ என்றால் எந்த அட்டையாலும் பழத்தைக் கொண்டுவர முடியாது.

பெற்றோரின் நோட்டுக் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். இந்த முறையில் எழுதுவது வாசிப்பதற்கு முன் வருகிறது, ஆனால் பென்சில் பிந்தித்தான் வருகிறது. கை தயாராகும்வரை பெட்டிதான் பென்சில். சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, மாதம் ஒரு பெற்றோரை அரை மணி நேரம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். தன் பிள்ளை பாயில் ‘பாலம்’ அடுக்குவதை நேரில் பார்த்தவர் நோட்டைக் கேட்பது குறையும். இடையில் சலித்த ஆற்றுமணலை அரை சென்டிமீட்டர் பரப்பிய தட்டு ஒன்றை வைத்தால், அட்டையைத் தடவிய விரல் அங்கே எழுதிப் பார்க்கும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிய ஊர் இது, தாத்தா பாட்டிகளுக்கு விளக்கம் வேண்டியிராது.

இந்த அட்டைகள் பிறந்தது 21 எழுத்துள்ள இத்தாலிய மொழிக்கு. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாற்றில் வந்து இறங்கி, போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் இருந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார். தமிழுக்கு ஏற்றபடி அட்டை வெட்ட வேண்டியது நம் வேலை. அதை 14 பிள்ளைகளுக்காக நீங்கள் செய்வது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பெட்டியில் அடிக்கடி வரும் மெய்களை எட்டெட்டாகவும், ங, ஞ இரண்டிரண்டாகவும், காலைப் பதினைந்தாகவும் வெட்டுங்கள். புள்ளி சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக, குறைந்தது முப்பது இருக்கட்டும். முதலில் தொலைவது அதுதான்.